சளியில் 81 எழுத்துகளைத் தேடும் கருவி: காசநோய்க்கான ‘சிபிநாட்’ பரிசோதனை எப்படி வேலை செய்கிறது?

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நிற்கவில்லை என்று அரசு மருத்துவமனைக்குப் போனால், ஒரு சிறிய பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்துச் சளி எடுத்து வரச் சொல்வார்கள். அன்றோ மறுநாளோ ஒரு தாள் வரும். அதில் இரண்டு வரிகள் முக்கியம். ஒன்று, ‘எம்டிபி டிடெக்டட்’ (காசநோய்க் கிருமி இருக்கிறது) அல்லது ‘நாட் டிடெக்டட்’ (தெரியவில்லை). மற்றது, ‘ரிஃப் ரெசிஸ்டன்ஸ்’, அதாவது ரிஃபாம்பிசின் என்ற மருந்துக்குக் கிருமி கட்டுப்படாத தன்மை, இருக்கிறதா, இல்லையா என்பது.

இந்த இரண்டு வரிக்குப் பின்னால் கருவி கேட்கும் கேள்விகளும் இரண்டுதான். இந்தச் சளியில் காசநோய்க் கிருமியின் டிஎன்ஏ இருக்கிறதா? இருந்தால், ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளின் வரிசையான அந்த டிஎன்ஏவில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் எழுத்து மாறியிருக்கிறதா? நோயாளியின் காய்ச்சல், எடை, எக்ஸ்ரே எதுவும் அதற்குத் தெரியாது. கிருமி உயிரோடு இருக்கிறதா என்பதுகூடத் தெரியாது. இதை மனதில் வைத்துக்கொண்டால், இந்தப் பரிசோதனை எங்கே அசத்துகிறது, எங்கே ஏமாற்றும் என்பது தானாகவே புரிந்துவிடும்.

காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் 1882-இல் அடையாளம் காட்டினார். அதன்பின் நூறாண்டுக்கும் மேலாக மைக்ராஸ்கோப்தான் முக்கியக் கருவி. சளியைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயமேற்றிப் பார்ப்பது. மலிவு, வேகம். ஆனால் ஒரு மில்லிலிட்டர் சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் கண்ணில் படும். மருந்து கேட்குமா என்பதை அதில் பார்க்கவே முடியாது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் முறை இன்றும் மிக நம்பகமானது. ஆனால் சாதாரண பாக்டீரியாக்கள் அரை மணிக்குள் இரண்டாகப் பெருகும்போது, இந்தக் கிருமி ஒருமுறை பிரிய ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்கிறது. அதனால் திரவ ஊடகத்தில் ‘இல்லை’ என்று உறுதி சொல்ல 42 நாள், திட ஊடகத்தில் 8 வாரம் காத்திருக்க வேண்டும். அதுவரை நோயாளி இருமிக்கொண்டே இருப்பார்.

கிருமியை வளர்க்க நேரமில்லை. அதன் டிஎன்ஏவை மட்டும் பெருக்கினால் போதாதா என்ற யோசனைதான் பிசிஆர். கேரி முல்லிஸ் 1983-இல் கண்டறிந்து, 1993-இல் வேதியியல் நோபல் பெற்றுத் தந்த முறை. டிஎன்ஏவைச் சுமார் 95 டிகிரிக்குச் சூடாக்கினால் இரட்டை இழை இரண்டாகப் பிரியும். சூட்டைக் குறைத்ததும், நாம் தேடும் பகுதியின் இரு முனைகளிலும் போய் ஒட்டும்படி செய்த குட்டி டிஎன்ஏ துண்டுகள், அதாவது ப்ரைமர்கள், ஒட்டிக்கொள்ளும். அங்கிருந்து ஒரு நொதி மீதி இழையைக் கட்டி முடிக்கும். ஒன்று இரண்டாயிற்று. மறுபடி சூடு, மறுபடி குளிர்ச்சி, இரண்டு நான்காகும். 30 சுற்று முடிந்தால் கணக்குப்படி ஒரே ஒரு பிரதியிலிருந்து 107 கோடிப் பிரதிகள். ப்ரைமர் ஒட்ட இடமில்லாத டிஎன்ஏ பெருகாது. சளியில் மனிதச் செல்களின் டிஎன்ஏவும் வாயிலுள்ள நூறு வகைப் பாக்டீரியாக்களின் டிஎன்ஏவும் கலந்து கிடந்தாலும் காசநோய்க் கிருமியுடையது மட்டும் பெருகுவது இதனால்தான்.

எந்தப் பகுதியைப் பெருக்குவது? இங்கேதான் ஜீன்எக்ஸ்பர்ட் என்ற பிசிஆர் கருவியில் செருகும் எம்டிபி/ரிஃப் கார்ட்ரிட்ஜை, அதாவது பரிசோதனைக்கு வேண்டியதெல்லாம் அடங்கிய சிறு பிளாஸ்டிக் கூட்டை, வடிவமைத்தவர்களின் கெட்டிக்காரத்தனம் தெரிகிறது. நம் ஊரில் ‘சிபிநாட்’ (கார்ட்ரிட்ஜ் வழி டிஎன்ஏவைப் பெருக்கும் பரிசோதனை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். உலக சுகாதார நிறுவனம் 2010 டிசம்பரில் இதற்கு ஒப்புதல் தந்தது. காசநோய்க் கிருமியின் மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ 44 லட்சம் எழுத்துகள். அதில் ஆர்பிஓபி என்ற மரபணுவுக்குள் இருக்கும் 81 எழுத்துப் பகுதியைத்தான் இந்தப் பரிசோதனை பெருக்கிப் பார்க்கிறது.

காரணம், ரிஃபாம்பிசின். காசநோய் சிகிச்சையின் முதுகெலும்பு இந்த மருந்து. 1960-களின் இறுதியில் இது வருவதற்கு முன் ஒன்றரை வருடம், அதற்கு மேலும்கூட மருந்து சாப்பிட வேண்டியிருந்தது. பின்னர் அது ஆறு மாதமாகக் குறைந்ததில் இதன் பங்கு பெரியது. கிருமி தன் புரதங்களைச் செய்ய ஆர்என்ஏ பாலிமரேஸ் என்ற நொதி தேவை. ரிஃபாம்பிசின் அந்த நொதியின் மேல் உட்கார்ந்து வேலையை நிறுத்திவிடும். அது உட்காரும் இடத்தின் அமைப்பை எழுதி வைத்திருப்பது ஆர்பிஓபி மரபணு. அங்கே ஓர் எழுத்து மாறினால் மருந்து உட்கார முடியாது. மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளில் 95 சதவீதத்துக்கும் மேல் மாற்றம் இந்த 81 எழுத்துக்குள்தான் இருக்கிறது. அதிகம் காணப்படும் மாற்றம் புரதத்தின் 450-ஆவது இடத்தில்: அங்கே டிசிஜி என்ற மூன்றெழுத்து டிடிஜி ஆகிறது. ஒரு சி, டி ஆகிவிட்டது, அவ்வளவே. புரதத்தில் செரின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் லியூசின் என்ற வேறொன்று வந்துவிடும். ரிஃபாம்பிசின் பயனற்றுப் போகும்.

ஒரே பகுதியைப் பெருக்கி இரண்டு கேள்விக்கும் விடை கிடைக்கும் ஏற்பாடு இது. பகுதி பெருகினால் கிருமி இருக்கிறது. அதில் எழுத்து மாறியிருந்தால் மருந்து கேட்காது.

எழுத்து மாறியதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கார்ட்ரிட்ஜுக்குள் ஐந்து ‘ப்ரோப்’கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 81 எழுத்தில் ஒரு பங்குக்குச் சரியாகப் பொருந்தும்படி செய்த டிஎன்ஏ இழை. இவை ‘மாலிக்யூலர் பீக்கன்’ வகை. நியூயார்க்கில் சஞ்சய் தியாகியும் பிரெட் கிராமரும் 1996-இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு. கொண்டை ஊசியைப் போல மடிந்திருக்கும் இந்த இழையின் ஒரு முனையில் ஒளிரும் சாயம், மறுமுனையில் அந்த ஒளியை விழுங்கும் மூலக்கூறு. மடிந்திருக்கும்வரை இரு முனைகளும் பக்கத்தில் இருப்பதால் வெளிச்சம் வராது. பொருத்தமான டிஎன்ஏ கிடைத்து அதோடு ஒட்டும்போது இழை நிமிரும், முனைகள் விலகும், சாயம் ஒளிரும். இந்த மடிப்பின் பிடி வேண்டுமென்றே கொஞ்சம் இறுக்கமாக அமைக்கப்பட்டிருக்கிறது. ஓர் எழுத்து பொருந்தாவிட்டாலும் ஒட்டுவதைவிட மடிந்து கிடப்பதே அதற்கு எளிது. அதனால் திறக்காது, ஒளிராது.

மருந்துக்குக் கட்டுப்படும் கிருமி என்றால் ஐந்து சாயங்களும் ஏறத்தாழ ஒரே சுற்றில் ஒளிரத் தொடங்கும். 450-ஆவது இடத்தில் மாற்றம் இருந்தால் நான்கு ஒளிரும். ‘ஈ’ என்று பெயரிட்ட ஐந்தாவது ப்ரோப் இருட்டாகவே இருக்கும், அல்லது மிகத் தாமதமாக ஒளிரும். முதலில் ஒளிர்ந்ததற்கும் கடைசியாக ஒளிர்ந்ததற்கும் நான்கு சுற்றுக்கு மேல் இடைவெளி இருந்தால் ‘ரிஃப் ரெசிஸ்டன்ஸ் டிடெக்டட்’ என்று கருவி சொல்லும்.

எந்தச் சுற்றில் ஒளி கருவிக்குத் தெரியும் அளவை எட்டுகிறதோ அந்த எண்தான் சிடி மதிப்பு. கொரோனா காலத்தில் எல்லார் வாயிலும் புழங்கிய அதே சிடி. கிருமி அதிகம் இருந்தால் சீக்கிரமே எட்டிவிடும், எண் சிறியதாக இருக்கும். 16-க்குக் கீழே ‘ஹை’, 16 முதல் 22 வரை ‘மீடியம்’, 22 முதல் 28 வரை ‘லோ’, 28-க்கு மேல் ‘வெரி லோ’ என்று அறிக்கையில் வரும். ஒவ்வொரு சுற்றும் இரட்டிப்பு என்பதால் இந்த வித்தியாசம் பார்ப்பதைவிடப் பெரியது. சிடி 16-க்கும் 29-க்கும் இடையே 13 சுற்று. கிருமி அளவில் அது சுமார் 8,000 மடங்கு.

லேபில் நடப்பது

பரிசோதனையின் பாதி வெற்றி டப்பாவில் வந்து சேரும் சளியில் இருக்கிறது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். காலையில் எதுவும் சாப்பிடும் முன், வெறும் தண்ணீரால் வாய் கொப்பளித்து, இரண்டு மூன்று முறை மூச்சை ஆழமாக இழுத்து நிறுத்தி, அடி நெஞ்சிலிருந்து இருமி எடுக்க வேண்டும். 2 முதல் 5 மில்லிலிட்டர் வேண்டும். கொழகொழப்பாகவோ சீழ் கலந்தோ இருக்க வேண்டும். தெளிவாக, நுரையாக இருந்தால் அது எச்சில். அதில் கிருமி இல்லை என்று வரும் முடிவுக்கு அர்த்தமில்லை. திறந்த வெளியில் எடுங்கள், கழிவறைக்குள் வேண்டாம். அங்கே அடுத்து வருபவர் அதே காற்றைத்தான் சுவாசிப்பார். பெயரை மூடியில் எழுதாமல் டப்பாவின் உடம்பில் எழுத வேண்டும். மூடிகள் மாறிப்போவது எல்லா லேபிலும் நடக்கிற கூத்து.

லேபில் சளியோடு இருமடங்கு ‘சாம்பிள் ரீஏஜென்ட்’ சேர்ப்பார்கள். 1 மில்லி சளிக்கு 2 மில்லி. சோடியம் ஹைட்ராக்சைடும் ஐசோபுரோப்பனாலும் கலந்த இந்தத் திரவம் சளியை நீர்க்கச் செய்யும், கிருமிகளையும் கொல்லும். மூடியை இறுக்கிப் பத்து இருபது முறை வேகமாகக் குலுக்கி, அறை வெப்பத்தில் மொத்தம் 15 நிமிடம் வைக்க வேண்டும். நடுவில், ஐந்தாவது நிமிடத்துக்கும் பத்தாவது நிமிடத்துக்கும் இடையே, இன்னொரு முறை குலுக்கல். அவசரத்தில் இந்த இரண்டாவது குலுக்கலைத்தான் விட்டுவிடுவார்கள். கரையாத சளிக்கட்டி மிஞ்சுவதும், அது கார்ட்ரிட்ஜில் போய் அடைப்பதும் அதனால்தான்.

பிறகு, நீர்த்த கலவையில் 2 மில்லியைப் பிப்பெட்டின் கோடு வரை எடுத்து, காற்றுக்குமிழி இல்லாமல் மெதுவாகக் கார்ட்ரிட்ஜில் விட்டு மூட வேண்டும். கார்ட்ரிட்ஜின் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் தட்டையான சிறு குழாயைத் தொடவே கூடாது. பிசிஆர் நடப்பது அதற்குள். ஒளியைக் கருவி படிப்பது அதன் சுவர் வழியாக. கைரேகையோ கீறலோ பட்டால் முடிவு கெடும்.

மற்றதைக் கருவி பார்த்துக்கொள்ளும். கலவை ஒரு வடிகட்டி வழியாகப் போகும்போது கிருமிகள் அதில் தங்கும். அவற்றைக் கழுவி, மீயொலி அதிர்வால் உடைத்து, வெளிவரும் டிஎன்ஏவை உலர்ந்த மணிகளாக இருக்கும் ப்ரைமர், ப்ரோப், நொதியோடு கரைத்து அந்தக் குழாய்க்கு அனுப்பும். மொத்தம் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ‘அல்ட்ரா’ என்ற புதிய கார்ட்ரிட்ஜில் சுமார் 80 நிமிடம். 2 மில்லியில் உள்ள கிருமிகளை வடிகட்டியில் சேர்த்துவிடுவதால்தான் மைக்ராஸ்கோப்பை வெகு தூரம் முந்துகிறது: பழைய கார்ட்ரிட்ஜுக்கு மில்லிக்குச் சுமார் 131 கிருமி போதும், அல்ட்ராவுக்கு 16.

எல்லாம் சரியாக நடந்ததா என்று தெரிந்துகொள்ள உள்ளேயே ஓர் உளவாளி உண்டு. காசநோய்க்குச் சம்பந்தமில்லாத பேசில்லஸ் குளோபிஜி என்ற பாக்டீரியாவின் ஸ்போர்கள் (உறங்கும் நிலையிலுள்ள வித்துகள்) கார்ட்ரிட்ஜில் ஏற்கெனவே இருக்கும். அவற்றின் டிஎன்ஏவும் சேர்ந்து பெருக வேண்டும். காசநோய்க் கிருமியும் தெரியவில்லை, இந்த ஸ்போரும் தெரியவில்லை என்றால், சளியில் இருந்த ரத்தமோ வேறு எதுவோ பிசிஆரைத் தடுத்திருக்கிறது என்று பொருள். அப்போது ‘நாட் டிடெக்டட்’ என்று சொல்லாமல் ‘இன்வேலிட்’ என்று வரும். இரண்டும் ஒன்றல்ல. ‘இன்வேலிட்’ என்றால் பரிசோதனையே நடக்கவில்லை. புதுக் கார்ட்ரிட்ஜில், முடிந்தால் புதுச் சளியில், மறுபடி செய்ய வேண்டும்.

‘எரர்’ வந்தால் அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 2008 என்றால் உள்ளே அழுத்தம் எல்லை மீறிவிட்டது. பெரும்பாலும் சரியாக நீர்க்காத சளி, உணவுத் துணுக்கு. 5007 ப்ரோப் சோதனையில் தோல்வி. குழாய் சரியாக நிரம்பாதது, கார்ட்ரிட்ஜைச் சூட்டில் வைத்திருந்தது ஆகியவை வழக்கமான சந்தேக நபர்கள். கார்ட்ரிட்ஜை 2 முதல் 28 டிகிரிக்குள் வைக்க வேண்டும். கருவி 30 டிகிரிக்கு மேல் சூடான அறையில் ஒழுங்காக ஓடாது. சித்திரை, வைகாசியில் ஏசி பழுதான லேபில் எரர் எண்ணிக்கை ஏறினால் டெக்னீஷியனைத் திட்டிப் பயனில்லை. நடுவில் கரண்ட் போனால் அந்தக் கார்ட்ரிட்ஜ் வீண். யுபிஎஸ் இல்லாமல் இந்தக் கருவியை வாங்கி வைப்பது பணத்தைக் கொட்டுவது.

முடிவை நம்பலாமா?

கிருமி இருக்கிறது என்ற முடிவை நன்றாகவே நம்பலாம். காசநோய் இல்லாதவர்களில் 99 சதவீதம் பேருக்குச் சரியாக ‘இல்லை’ என்று சொல்கிறது. இருப்பவர்களைப் பிடிப்பதில், மைக்ராஸ்கோப்பிலேயே தெரியும் அளவு கிருமி உள்ளவர்களில் 98 சதவீதம். மைக்ராஸ்கோப்பில் தெரியாமல் கல்ச்சரில் மட்டும் வளரும் நோயாளிகளில், பழைய கார்ட்ரிட்ஜ் ஒருமுறை செய்தால் ஏறத்தாழ 70 சதவீதம். மீதி 30 பேர் ‘நாட் டிடெக்டட்’ என்ற தாளோடு வீட்டுக்குப் போவார்கள். எடை குறைகிறது, இரவில் வியர்க்கிறது, எக்ஸ்ரேயில் நிழல் இருக்கிறது என்றால் அந்தத் தாள் ஒன்றே கதையை முடித்துவிடாது. இன்னொரு சளி, கல்ச்சர், மருத்துவரின் கணிப்பு எல்லாம் வேண்டும்.

ரிஃபாம்பிசின் வரியில்தான் உண்மையான சூட்சுமம். மாற்றம் இல்லாத கிருமி உள்ளவர்களில் 98 சதவீதம் பேருக்குக் கருவி சரியாக ‘மாற்றம் இல்லை’ என்று சொல்லும். கேட்க நன்றாக இருக்கிறது. ஒரு கணக்குப் போடுவோம். முதல்முறையாக நோய் வந்த 1,000 பேர். அவர்களில் 2 சதவீதம், அதாவது 20 பேருக்கு மட்டுமே மருந்து கேட்காத கிருமி என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 19 பேரைக் கருவி பிடித்துவிடும். மீதி 980 பேரில் 2 சதவீதம் தவறினால், அது இன்னொரு 20 பேர். ஆக, ‘ரெசிஸ்டன்ஸ்’ என்று வந்த 39 பேரில் பாதிப்பேருக்கு உண்மையில் மருந்து வேலை செய்யும். ஏற்கெனவே சிகிச்சை எடுத்து நோய் திரும்பிய 1,000 பேரில் 15 சதவீதம் பேருக்கு மருந்து கேட்காத கிருமி என்று வைத்தால், சரியாகப் பிடிபடுவது 140 பேருக்கு மேல், தவறுவது 17 பேர். கருவி ஒன்றே, ஆளைப் பொறுத்து அதே வரியின் எடை மாறுகிறது. முன்பு காசநோய் மருந்தே சாப்பிடாத ஒருவருக்கு ‘ரெசிஸ்டன்ஸ்’ என்று வந்தால் புதுச் சளியில் மறுபரிசோதனை செய்யச் சொல்வது இதனால்தான். ‘வெரி லோ’ என்று கிருமி அளவு வந்திருந்தால் மறுபரிசோதனை இன்னும் அவசியம். எழுத்து மாறியும் புரதம் மாறாத ‘மௌன’ மாற்றங்களும் உண்டு. ப்ரோப் எழுத்தைத்தான் பார்க்கும், புரதத்தைப் பார்க்காது; எனவே அங்கேயும் தவறாக எச்சரிக்கும்.

கிருமி மிகக் குறைவாக இருந்தால் ‘ரிஃப் இன்டிடெர்மினேட்’ என்று வரும். கருவி ஓடி முடிவதற்குள் தாமதமான ப்ரோப் வருமா வராதா என்று சொல்ல முடியவில்லை என்பதே அதன் பொருள். அல்ட்ராவில் ‘ட்ரேஸ்’ என்று ஒன்று உண்டு. கிருமியின் டிஎன்ஏவில் பல பிரதிகளாக இருக்கும் ஐஎஸ்6110, ஐஎஸ்1081 ஆகிய துண்டுகளையும் அது தேடுகிறது. அவை மட்டும் தெரிந்து ஆர்பிஓபி தெரியாவிட்டால் ‘ட்ரேஸ்’. குழந்தைக்கோ எச்ஐவி உள்ளவருக்கோ இப்படி வந்தால் நோய் என்றே எடுத்துக்கொள்வார்கள். சமீப ஆண்டுகளில் காசநோய்க்குச் சிகிச்சை முடித்தவர் என்றால் யோசிக்க வேண்டும், ஏனெனில் செத்த கிருமியின் டிஎன்ஏவும் டிஎன்ஏதான்.

அதே காரணத்தால், சிகிச்சை பலிக்கிறதா என்று பார்க்க இந்தப் பரிசோதனையைப் பயன்படுத்தக் கூடாது. மருந்து வேலை செய்து கிருமிகள் செத்துக் கிடந்தாலும் ‘டிடெக்டட்’ என்றே வந்து வீண் பீதி கிளப்பும். அதற்கு மைக்ராஸ்கோப்பும் கல்ச்சரும்தான்.

‘ரிஃப் ரெசிஸ்டன்ஸ் நாட் டிடெக்டட்’ என்றால் எல்லா மருந்தும் கேட்கும் என்று எண்ணிவிட வேண்டாம். காசநோய்க்கான இன்னொரு மருந்தான ஐசோனியசிட்டுக்குக் கட்டுப்படாமல் போகும் மாற்றங்கள் கேட்ஜி, இன்ஹெச்ஏ போன்ற வேறு மரபணுக்களில் நடக்கின்றன. இந்தக் கார்ட்ரிட்ஜ் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. அதற்கு எல்பிஏ என்ற பட்டைப் பரிசோதனை தனியாக உண்டு. அதன் முடிவு வந்ததா என்று கேட்டு வாங்குங்கள். காசநோய்க் கிருமியின் தூரத்து உறவான வேறு மைக்கோபாக்டீரியாக்களும் நுரையீரலைத் தாக்குவதுண்டு. மைக்ராஸ்கோப்பில் பாசிட்டிவ், சிபிநாட்டில் ‘நாட் டிடெக்டட்’ என்று முரண்பட்டு வந்தால் முதலில் எழ வேண்டிய சந்தேகம் அதுதான்.

ரத்தத்தில் இதைச் செய்து தரச் சொல்லி லேபுகளில் கேட்பவர்கள் இன்றும் உண்டு. நுரையீரல் காசநோய்க் கிருமி சளியில் இருக்கிறது, ரத்தத்தில் தேடிப் பயனில்லை. ரத்தத்தில் ஆன்டிபாடி பார்த்துக் காசநோய் சொல்லும் கிட்டுகளை உலக சுகாதார நிறுவனம் 2011-இல் நிராகரித்தது. இந்தியா 2012-இல் தடையே செய்துவிட்டது. சளி துப்பத் தெரியாத குழந்தைகளுக்கு இரைப்பையிலிருந்து எடுத்த திரவத்திலோ மலத்திலோ பார்க்கலாம். விழுங்கிய சளி போய்ச் சேரும் இடம் அதுதானே. கழுத்து நெறிக்கட்டி, முதுகுத் தண்டுவடத் திரவம் ஆகியவற்றிலும் செய்யலாம். நுரையீரல் உறையில் தேங்கும் நீரில் மட்டும் பிடிபடும் விகிதம் குறைவு.

ஏசியும் நிலையான மின்சாரமும் இல்லாத ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு உள்நாட்டிலேயே வந்த விடை ட்ரூநாட். கோவாவின் மோல்பியோ நிறுவனத் தயாரிப்பு. 2020-இல் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை கிடைத்தது. பேட்டரியில் ஓடும். கொள்கை அதே பிசிஆர், ஆனால் வேலை இரண்டு பெட்டிகளாகப் பிரிந்திருக்கிறது. ஒன்று சளியிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்துத் தரும். அந்தக் கரைசலை ரீஏஜென்ட் குழாயில் விட்டு, உலர் மருந்து கரைந்து தெளிந்ததும் 6 மைக்ரோலிட்டரைச் சிப்பின் கிணற்றில் விட வேண்டும்; இரண்டாவது பெட்டி அந்தச் சிப்பைப் படிக்கும். கைவேலை கூடுதல் என்பதால் பிப்பெட் பழக்கம் இல்லாதவர் கையில் தவறு வர வாய்ப்பும் கூடுதல். இதில் ரிஃபாம்பிசின் கேள்விக்குத் தனிச் சிப். முதல் சிப்பில் கிருமி தெரிந்தால் மட்டுமே, அதே டிஎன்ஏ கரைசலிலிருந்து எடுத்து இரண்டாவது சிப்பை ஓட்டுவார்கள். ஆகவே முதல் முடிவு வரும்வரை அந்தக் கரைசலைக் குப்பையில் போட்டுவிடக் கூடாது. போட்டுவிட்டால் சளியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.